‘சீல்’ என்பதற்குக் ‘கச்சை’: ஒரு முன்மொழிவு

குழும நண்பர்களுக்கு வணக்கம்.

சுழலும் தண்டைச் சுற்றி நின்று நீர் கசியாமல் காக்கும் ரப்பர் வளையத்தைப் பட்டறையில் எல்லோரும் ‘சீல்’ என்கிறோம். அதற்குத் தமிழில் என்ன பெயர் வைக்கலாம் என்ற கேள்விக்குச் சென்ற கிழமை இங்கே நான்கு சொற்கள் வந்தன: முத்திரை, அடைப்பு, கசிவுத்தடுப்பி, பூண். ஒரு இயந்திரத்தைப் பிரித்து, நான்கையும் அதன்மேல் வைத்துப் பார்த்த பிறகு எழுதலாம் என்று இருந்தேன். அதனால்தான் தாமதம்.

இலங்கை மலையகத்தில் ஹட்டனுக்கு மேலே, தேயிலைத் தொழிற்சாலையில் டீமேக்கராக இருந்து ஓய்வுபெற்ற ஐயா ஒருவர் வீட்டில், மேலே மூடி திறக்கும் பழைய சலவை இயந்திரம் ஒன்று இருக்கிறது. பெல்ட்டில் ஓடுவது. ஒரு காலத்தில் தோட்டத்து மேலாளரான துரையின் பங்களாவில் இருந்து கைமாறி வந்தது. கீழே தண்ணீர் சொட்டுகிறது என்று கூப்பிட்டிருந்தார். என்னிடம் திருத்த வேலை பழகும் இரண்டு பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு போனேன். அவர்களுக்காக எழுதும் கைநூலுக்குத்தான் இந்தச் சொல்லே வேண்டியிருக்கிறது.

கசிவு எங்கே என்று தேடுவதற்கு முன்னால் எப்போது என்று பார்க்க வேண்டும். தண்ணீர் நிரம்பும்போதே சொட்டினால் உள்வரும் குழாயையும் கிளிப்பையும் தொட்டியில் துரு தின்ற இடத்தையும் பார்க்கலாம். வடியும்போது மட்டும் சொட்டினால் பம்ப். இங்கே பாதித் தொட்டி நிரப்பிக் கால்மணி நேரம் சும்மா விட்டோம். தரை காய்ந்தே இருந்தது. துணி அலசத் தொடங்கியதும் சரியாக நடுவிலிருந்து, கியர்பெட்டியின் மேலாக, சொட்டுச் சொட்டாக வந்தது. பிளக்கைக் கழற்றி, பைப்பை மூடி, தண்ணீரை வடித்துவிட்டுச் சாய்த்துப் பார்த்தோம். தண்டைச் சுற்றித் தெறித்த சோப்புத் தடமும் துருவும் தெரிந்தன.

யாழ்ப்பாணத்தில் என்றால் சுண்ணாம்புக்கல் நிலத்துக் கிணற்றுநீர் வெள்ளையாகப் படிந்திருக்கும். மலையில் நீர் மென்மையானது, அந்தப் படிவு இருக்காது. ஆனால் பீலித் தண்ணீரை, அதாவது மலை ஊற்று நீரை, வடிகட்டாமல் குழாயில் இழுக்கும் வீடுகளில் மழைக்காலத்தில் நுண்மணல் வந்துவிடும். ரப்பர் விளிம்பை அறுப்பது அந்த மணல்தான். நீர் உள்ளே நுழையும் இடத்துச் சல்லடையை மாதம் ஒருமுறை கழுவச் சொல்லிவிட்டு வந்தேன்.

நடுவில் நின்று துணியை அலைக்கும் கம்பம் பல்லில் இறுகிக் கிடந்தது. சுடுதண்ணீர் ஊற்றிச் சற்று நேரம் விட்டு, நேர்மேலே இழுத்தபோது வந்தது. அப்புறம் பெரிய நட், உட்கூடை, அதன் அடியில் நாம் பெயர் தேடும் வளையம். விளிம்பு தேய்ந்து பளபளத்துக் கிடந்தது. தண்டின்மேல் நகத்தை ஓட்டிப் பார்த்தோம், பள்ளம் தட்டவில்லை. பள்ளம் விழுந்திருந்தால் புது வளையம் போட்டும் பயனில்லை. வளையத்தில் வில் (ஸ்பிரிங்) உள்ள பக்கம் தண்ணீரைப் பார்க்க வேண்டும், ரப்பருக்குச் சிலிக்கன் கிரீஸ் மட்டும்தான் பூச வேண்டும் என்று பிள்ளைகளுக்குக் காட்டினேன். சாதாரண கிரீஸ் பல வகை ரப்பரை ஊதவைத்துவிடும்.

இனிச் சொல்லுக்கு வருகிறேன்.

முத்திரை என்பது கடிதத்தில் குத்துவது. ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ஒரே சொல் என்பதற்காகத் தமிழிலும் ஒன்றாக்க வேண்டியதில்லை.

‘அடைப்பு’ எனக்கும் முதலில் பிடித்திருந்தது. ஆனால் எங்கள் வேலையில் அடைப்பு என்றால் கோளாறு. பம்பில் அடைப்பு, குழாயில் அடைப்பு என்று ஒரு நாளைக்குப் பத்துத் தடவை சொல்கிறோம். ‘அடைப்பு போய்விட்டது’ என்று ஒரு பிள்ளை சொன்னால், குழாய் சுத்தமாகிவிட்டது என்று மகிழ்வதா, வளையம் கெட்டுவிட்டது என்று புதிது வாங்க ஓடுவதா? நன்மை செய்யும் பொருளுக்கும் நோய்க்கும் ஒரே பெயர் வைக்க முடியாது.

கசிவுத்தடுப்பி பிழையில்லாத சொல். ஆனால் மூடியில் ஒட்டும் பட்டையும் கசிவுத்தடுப்பிதான், குழாயில் சுற்றும் வெள்ளை நாடாவும் கசிவுத்தடுப்பிதான். திரும்பிக்கொண்டே இருக்கும் தண்டை விடாமல் பிடிப்பது என்ற தனித்தன்மை அதில் இல்லை.

பூண் என்று சொன்ன நண்பரின் வழி எனக்கு மிகவும் பிடித்தது. நம் பாடநூல்களில், தண்டைத் தாங்கிச் சுழல விடும் பெயாரிங்குக்குப் ‘போதிகை’ என்றார்கள். கோயில் தூணின் தலையில் உத்திரத்தைத் தாங்குவது போதிகை. பிஸ்டனுக்கு ‘முசலம்’, அதாவது உலக்கை. தெரிந்த பொருளிலிருந்து தெரியாத பொருளுக்குப் போகும் வழி அது, அதே வழியில்தான் உலக்கை நுனியில் மாட்டும் இரும்பு வளையமான பூணும் வந்திருக்கிறது. ஆனால் பூண் உலக்கையோடு ஒட்டி உலக்கையோடே போகும். நம் வளையம் தான் அசையாமல் நின்று, உள்ளே தண்டை மட்டும் திரும்ப விடுகிறது.

ஆகவே நான் வைப்பது ‘கச்சை’. இடுப்பை இறுக்கிச் சுற்றிய துணி கச்சை. யானையின் உடலில் கட்டும் கயிறும் கச்சைதான், கச்சை யானை என்பது பழைய வழக்கு. தேயிலைக் கொழுந்தெடுக்கும் நம் பெண்கள் இடுப்பில் படங்கை, அதாவது நீர் புகாத கெட்டி விரிப்பை, சுற்றிக் கயிற்றால் கட்டுவதைப் பாருங்கள். கட்டு இறுக்கமாக இருக்கும், ஆனாலும் செடிவரிசையான நிரைக்குள் குனிந்து திரும்ப விடும், செடியின் ஈரமும் உடம்புக்கு வராது. இந்த வளையம் செய்யும் வேலையும் அதுவே. விளிம்பின் பின்னால் இருக்கும் மெல்லிய வில்வளையத்துக்கு ஆங்கிலத்தில் கார்ட்டர் ஸ்பிரிங் என்று பெயர். கார்ட்டர் என்றால் காலுறை நழுவாமல் கட்டும் பட்டி. அவர்களும் உடுப்பிலிருந்தே எடுத்திருக்கிறார்கள்.

இன்றைக்குக் கச்சை என்றால் மார்க்கச்சைதான் நினைவுக்கு வரும், வகுப்பில் பிள்ளைகள் கூச்சப்படுவார்கள் என்ற கவலை நியாயமானது. அதனால் முதல் தடவை ‘தண்டுக்கச்சை’ என்று முழுதாகச் சொல்லி, பிறகு சுருக்கலாம். அந்த வீட்டில் அப்படித்தான் செய்தேன். திரும்பி வரும் வழியில் சின்னவன் தானாகவே, “அண்ணே, கச்சை தளர்ந்ததாலதானே தண்ணி போதிகைக்குள்ள போயி கிரீசைக் கழுவிடுது?” என்று கேட்டான். தளர்ந்தது என்று நான் சொல்லிக் கொடுக்கவில்லை. ‘சீல் போயிருச்சு’ என்பதில் என்ன ஆனது என்பதே இல்லை. கச்சை என்றதும் அது எப்படிக் கெடுகிறது என்பதும் கூடவே வந்துவிட்டது.

ஒரு இடத்தில் இந்தச் சொல் பொருந்தவில்லை. சில இயந்திரங்களில் தண்டைத் தழுவும் விளிம்பே கிடையாது. ஒரு கரி வளையமும் ஒரு பீங்கான் வளையமும் முகத்தோடு முகம் அழுந்தி, ஒன்று நிற்க மற்றது சுழலும். அதைக் கச்சை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. திரிகைக் கல் இரண்டும் உரசுவதுதான் நினைவில் வருகிறது, ஆனால் அங்கே கல்லுக்கு நடுவே தானியம் போகிறது, இங்கே எதுவும் போகக்கூடாது. இதற்கு யாரிடமாவது சொல் இருந்தால் எழுதுங்கள். கைநூலில் அந்த இடத்தை மட்டும் வெறுமையாக விட்டிருக்கிறேன்.