ரிட்டையர் ஆன பிளேயருக்கு ஆஃபீஸ் நாற்காலி: தகுதியா, பழக்கமா?

நீலக்கோடு:
சம்மர் வந்துட்டா போதும், என்ஹெச்எல் (வட அமெரிக்க ஐஸ் ஹாக்கி லீக்) டீம் ஒவ்வொண்ணும் ஒரு பழைய பிளேயர் பேரை அறிவிக்க ஆரம்பிச்சிடுது. ஒருத்தர் ஸ்பெஷல் அட்வைசர், இன்னொருத்தர் டெவலப்மென்ட் கோச், ரெண்டு மூணு வருஷம் கழிச்சு பாத்தா அதே ஆள் அசிஸ்டன்ட் ஜிஎம், அதாவது டீமுக்கு ஆள் எடுத்து மாத்துற ஜெனரல் மேனேஜருக்கு அடுத்த ஆள். எனக்கு இது சுத்தமா பிடிக்கல, காரணத்தோடதான் சொல்றேன். ஐஸ்ல ஆயிரம் மேட்ச் ஆடுறது ஒரு திறமை. 18 வயசு பையன் 24 வயசுல என்னவா நிப்பான்னு கணிக்கிறது வேற திறமை. சாலரி கேப்புக்குள்ள (டீமோட மொத்த சம்பளத்துக்கு லீக் வைக்கிற உச்சவரம்பு, 2025-26ல 95.5 மில்லியன் டாலர்) 23 பேரை அடக்குறது அதுக்கும் வேற. முதல்ல சொன்னது இருக்குன்னு மத்த ரெண்டும் தானா வந்துடுமா?

எட்மன்டனை பாருங்க. 80கள்ல அங்க ஸ்டான்லி கப் (லீக் சாம்பியன் கோப்பை) ஜெயிச்ச கெவின் லோ 2000ல ஜிஎம் ஆனாரு, 2008ல அதுக்கும் மேல போனாரு, 2013ல அவரோட ஆடின கிரெய்க் மெக்டாவிஷ் வந்து அதே நாற்காலில உக்காந்தாரு. 2006ல ஃபைனல் வரை போனாங்க, அது லோ காலம்தான், மறுக்கல. ஆனா அதுக்கப்புறம் பத்து சீசன் பிளேஆஃபே கிடையாது. 2010, 2011, 2012 மூணு வருஷமும் டிராஃப்ட்ல (இளம் பசங்களை டீம்கள் வரிசையா எடுக்குற நாள், மோசமா ஆடின டீமுக்கு முன்னுரிமை) முதல் பிக் இவங்க கையில! ஒரு ஃபேன் கூட்டம் முழுக்க அந்த பத்து வருஷத்தை திரும்ப வாங்க முடியாது.

நாலாவது_லைன்:
எட்மன்டன் கதையை எல்லாரும் பாதியிலேயே நிறுத்திடுறீங்க நண்பா. 2015ல பழைய ஆளுங்க போதும்னு சொல்லி பீட்டர் சியாரெல்லிய கூட்டிட்டு வந்தாங்க, அவர் என்ஹெச்எல் ஆடாதவர், ஹார்வர்ட்ல படிச்ச வக்கீல், பாஸ்டன்ல 2011ல கப் ஜெயிச்ச ஜிஎம். என்ன செஞ்சாரு? அடுத்த வருஷமே டெய்லர் ஹாலை கொடுத்துட்டு ஆடம் லார்சனை வாங்கினாரு, ரெண்டே வருஷத்துல ஹால் நியூ ஜெர்சில எம்விபி, லீக்லயே சிறந்த பிளேயர். படிப்பு காப்பாத்துச்சா?

சரி, கொலராடோவோட பழைய கேப்டன் ஜோ சாகிக்க எடுத்துக்கோங்க. 2009ல ரிட்டையர், 2011ல அட்வைசர், 2013ல ஹாக்கி விஷயம் மொத்தமும் அவர் பொறுப்பு. 2016-17ல கொலராடோ 48 பாயின்ட், லீக்லயே கடைசி. அந்த நேரத்துல மேட் டூஷேன் டிரேட் கேட்டு நிக்கிறாரு, ஊரே கத்துது, மனுஷன் அசையவே இல்ல. 2017 நவம்பர் வரை காத்திருந்து தான் கேட்ட விலைக்கே வித்தாரு. சாமுவேல் ஜிரார்ட் வந்தாரு, கூட வந்த பிக் 2019 டிராஃப்ட்ல நாலாவது இடத்துல போவன் பைரம்ங்கற பிளேயரா மாறுச்சு. 2022ல கப். டிரெஸ்ஸிங் ரூம்ல இருவது வருஷம் உக்காந்த ஆளுக்குத்தான் எந்த சத்தத்தை கேக்கணும் எதை கேக்கக்கூடாதுன்னு தெரியும், இதை எக்செல் ஷீட் சொல்லித் தராது.

நீலக்கோடு:
நீங்க சொன்ன கதையே என் வாதத்துக்குத்தான் உதவுது. 48 பாயின்ட் எடுத்த வேற எந்த ஜிஎம்மும் அடுத்த சீசனை பாத்திருப்பாரா? சாகிக் தப்பிச்சது அவர் பேரால. அந்த பேர் அவருக்கு டைம் வாங்கிக் கொடுத்துச்சு, அதை அவர் நல்லா பயன்படுத்தினாரு, சந்தோஷம். அதே டைமை வேற ஒரு டீம் தன்னோட ஹீரோவுக்கு கொடுத்து வீணாக்கினா யார் கேக்கிறது? கிரெட்ஸ்கியை விட பெரிய பேர் இந்த ஆட்டத்துல உண்டா? ஃபீனிக்ஸ்ல 2005லேர்ந்து 2009 வரைக்கும் கோச்சா இருந்தாரு, நாலு சீசன்ல ஒரு தடவை கூட பிளேஆஃப் இல்ல.

வலைக்காவலன்:
ரெண்டு பேருமே ஜிஎம் நாற்காலியை மட்டும் பேசிட்டு இருக்கீங்க, கீழ நடக்குற டெவலப்மென்ட் வேலையை யாரும் தொடவே இல்ல. எனக்கு அதுதான் முக்கியமா படுது, கொஞ்சம் நீளமா எழுதுறேன்.

டிராஃப்ட்ல ஏழு ரவுண்ட், 32 டீம், 224 பசங்க. பேர் கூப்பிட்ட மறு மாசம் டெவலப்மென்ட் கேம்ப், அது முடிஞ்சா பெரும்பாலான பசங்க ஜூனியருக்கோ காலேஜுக்கோ ஸ்வீடன், ஃபின்லாந்துக்கோ திரும்பிடுவாங்க. அடுத்த ரெண்டு மூணு வருஷம் அவன் நம்ம டீம் ஜெர்சியை போட மாட்டான். அங்க இருக்குற கோச்சுக்கு அவரோட மேட்ச் ஜெயிக்கணும், இந்தப் பையன் அஞ்சு வருஷம் கழிச்சு யாருக்கு ஆடுவான்ங்கறது அவர் கவலை கிடையாது. அந்த இடைவெளியில டீம்லேர்ந்து அவன்கிட்ட பேசுற ஒரே மனுஷன் டெவலப்மென்ட் கோச். பறந்து போய் மேட்ச் பாப்பாரு, ஷிஃப்ட் ஷிஃப்ட்டா வெட்டி கிளிப் அனுப்புவாரு, ரிங்க் சுவர் ஓரம் பக்கை (ஆடுற வட்டு) எடுக்கும்போது தோள் மேல திரும்பிப் பாக்கலயேன்னு சொல்லுவாரு, பவர்பிளேல உக்கார வச்சுட்டாங்கன்னு அழுறவன் ஃபோனை எடுப்பாரு. 19 வயசுல வீட்டை விட்டு எங்கயோ இருக்குறவனுக்கு இதை சொல்ல, இதே மாதிரி உக்காந்து அழுத ஒருத்தர்தான் வேணும்.

கோலிகளுக்கு (கோல்கீப்பர்கள்) இது இன்னும் பெருசு, ஏன்னா கோலி பழுக்க 24, 25 வயசு ஆகும், அது வரைக்கும் பொறுமையா கூட நிக்க இன்னொரு கோலியாலதான் முடியும். ஃபுளோரிடா ராபர்ட்டோ லுவோங்கோவை வச்சு கோலிகளுக்குன்னே தனி டிபார்ட்மென்ட் போட்டது சும்மா இல்ல. அவரை ஜிஎம் ஆக்கல, அவருக்கு எது தெரியுமோ அந்த இடத்துல வச்சாங்க. ஜிஎம் பில் சிட்டோ, பிளேயர் ஏஜென்ட்டா இருந்தவர். 2024, 2025 ரெண்டு கப்.

மாலா_ரிங்க்:
வலைக்காவலன் அண்ணா சொன்னதுல முக்கால்வாசி ஒத்துக்கிறேன். வான்கூவர்ல செடின் ட்வின்ஸும் இதே மாதிரிதான், 2021ல ஜிஎம்முக்கு அட்வைசரா வந்தாங்க, அடுத்த வருஷமே ஆஃபீஸ் வேணாம்னு டெவலப்மென்ட்டுக்கு போயி வான்கூவரோட ஏஹெச்எல் (என்ஹெச்எல்லுக்கு அடுத்த கீழ் லீக்) டீம் அபாட்ஸ்ஃபோர்ட்ல பசங்களோட ஐஸ்ல இறங்கிட்டாங்க. 2025ல அபாட்ஸ்ஃபோர்ட் ஏஹெச்எல் கோப்பையான கால்டர் கப் ஜெயிச்சது. முழு பெருமையும் அவங்களுக்கேன்னு சொல்லல, ஆனா பெரிய பேரை விட தினசரி வேலை பெருசுன்னு காட்டின ரெண்டு பேர்.

ஆனா நீங்க யாருமே கேக்காத கேள்வி ஒண்ணு இருக்கு. பிளேயரா இருந்தவங்களுக்குத்தான் தெரியும்னு இத்தனை வருஷம் சொன்னாங்களே, அந்த பிளேயர் லிஸ்ட்ல பொண்ணுங்க எங்க இருந்தாங்க? ஹேலி விக்கன்ஹைசர் நாலு ஒலிம்பிக் தங்கம், டொரான்டோ அவங்களை டெவலப்மென்ட்டுக்கு எடுத்தது 2018ல. கேமி கிரனாட்டோ 1998ல தங்கம் ஜெயிச்ச அமெரிக்க கேப்டன், 2010லயே ஹால் ஆஃப் ஃபேம், என்ஹெச்எல் டீமுக்கு முழுநேர ஸ்கவுட்டா சியாட்டில் கூப்பிட்டது 2019ல! நடுவுல எத்தனை வருஷம் வீணாச்சு. அனுபவம்தான் அளவுகோல்னா அவங்களுக்கு இல்லாத அனுபவமா? கூட ஆடினவனை கூப்பிடுறது, அவன் இன்னொருத்தனை கூப்பிடுறது, இதுக்கு தகுதின்னு பேர் வச்சிருந்தாங்க, எனக்கு கோபமே அதுலதான்.

நீலக்கோடு:
சகோ, இதைத்தான் நான் சுத்தி வளைச்சு சொல்லிட்டு இருந்தேன், நீங்க நேரா போட்டுட்டீங்க.

நாலாவது_லைன்:
மாலா சகோ சொன்னது நியாயம், அதுல எனக்கு சண்டையே இல்ல. ஆனா அதுக்கு மருந்து பிளேயர்களை வெளிய அனுப்புறதா? கூடுதலா கதவை திறக்குறதுதானே. அப்புறம் நீலக்கோடு, நீங்க டெட்ராய்ட்டோட பழைய கேப்டன் ஸ்டீவ் யைசர்மேனை பத்தி பேசவே மாட்டேங்கறீங்க. 2006ல ரிட்டையர், உடனே ஜிஎம் ஆகல, டெட்ராய்ட்லயே ஜிஎம் கென் ஹாலண்ட் பக்கத்துல நாலு வருஷம் உக்காந்து கத்துக்கிட்டாரு. 2010ல டாம்பா ஜிஎம்மா போனாரு. அங்க அவர் கட்டின டீமை பாருங்க: குச்செரோவ் 58வது பிக், பாயின்ட் 79வது, பாலட் 208வது, ஏழாவது ரவுண்ட்! டைலர் ஜான்சன் டிராஃப்டே ஆகாதவர். குள்ளமா இருக்கான்னு மத்தவங்க ஒதுக்குன பசங்க வளந்து வர்ற டீமை ஒரு ஹால் ஆஃப் ஃபேமர் கட்டினாரு.

நீலக்கோடு:
கட்டினாரு, யார் கூட சேந்து கட்டினாரு? ஜூலியன் பிரிஸ்புவா, வக்கீல். டாம்பாவோட ஏஹெச்எல் டீமை பாத்துக்கிட்டது அவர்தான். அங்க கோச் ஜான் கூப்பர், அவரும் வக்கீல், புரொஃபெஷனல் ஹாக்கி ஆடினதே இல்ல. 2012ல அந்த ஏஹெச்எல் டீம் நார்ஃபோக் தொடர்ச்சியா 28 மேட்ச் ஜெயிச்சு கால்டர் கப் தூக்குச்சே, பாலட்டும் ஜான்சனும் அந்த டீம்லதான் வளந்தாங்க. நீங்க சொல்ற அந்த டெவலப்மென்ட் ரெண்டு வக்கீல்ங்க கையில நடந்தது. 2018ல யைசர்மேன் விலகுறாரு, பிரிஸ்புவா ஜிஎம் ஆகுறாரு, 2020, 2021 ரெண்டு கப். யைசர்மேன் 2019ல டெட்ராய்ட் போனாரு, 2025 வரைக்கும் ஒரு பிளேஆஃப் மேட்ச் கூட இல்ல.

வலைக்காவலன்:
அது கொஞ்சம் அநியாயம் நீலக்கோடு. டெட்ராய்ட்ல அவர் வந்தப்போ அலமாரி காலி, அதுக்கு மேல டிராஃப்ட் வரிசையை முடிவு பண்ற லாட்டரில ஒரு தடவை கூட முதல் பிக் விழல. 2019-20ல கடைசி இடம், பிக் விழுந்தது நாலாவது. ஆனா டாம்பா பாயின்ட் சரிதான், அதை நான் எடுத்துக்கிறேன்.

எதிர்ப்பக்கமும் ஒண்ணு இருக்கே. அரிசோனா 2016ல 26 வயசு ஜான் சாய்காவை ஜிஎம் ஆக்கினாங்க, டேட்டா கம்பெனி நடத்தின ஆள், புது யுகம்னு எல்லாரும் எழுதினாங்க. டிராஃப்ட்டுக்கு முன்னாடி பசங்களுக்கு விதியை மீறி ஃபிட்னஸ் டெஸ்ட் வச்சதுக்கு லீக் அந்த டீம்கிட்டேர்ந்து 2020 ரெண்டாவது ரவுண்ட் பிக்கும் 2021 முதல் ரவுண்ட் பிக்கும் பிடுங்குச்சு. அதே சமயம் கரோலைனா எரிக் டல்ஸ்கி, கெமிஸ்ட்ரில டாக்டர் பட்டம், நெட்ல ஹாக்கி கட்டுரை எழுதிட்டு இருந்தவர், 2014லேர்ந்து அங்க படிப்படியா வேலை பாத்து பத்து வருஷம் கழிச்சு 2024ல ஜிஎம். வெளி ஆளுங்கன்னு ஒரே மூட்டையா கட்ட முடியாது.

மாலா_ரிங்க்:
பிளேயர்களுக்கு பிளேயர் மனசு புரியும்ங்கறதையும் சும்மா விட முடியாது. கிறிஸ் ட்ரூரி ரேஞ்சர்ஸ் கேப்டனா இருந்தவர், 2015ல அங்கயே டெவலப்மென்ட் டைரக்டர், அப்புறம் அவங்க ஏஹெச்எல் டீம் ஹார்ட்ஃபோர்ட் ஜிஎம், 2021ல தலைமை. படி ஏறித்தான் வந்தாரு, குறை சொல்ல முடியாது. ஆனா 2024ல பார்க்லே குட்ரோவுக்கு நோ-டிரேட் லிஸ்ட் (இந்த டீமுக்கு டிரேட்ல போக மாட்டேன்னு சொல்ற உரிமை) இருந்தும் வேவர்ஸ்ல (வேற டீம் எடுத்துக்கலாம்னு விடுறது) போட்டு சான் ஹோஸேக்கு அனுப்பினாரு, டிசம்பர்ல கேப்டன் ட்ரூபாவையே அனாஹைமுக்கு கொடுத்தாரு. முந்தின சீசன் லீக்ல முதல் இடம் பிடிச்ச டீம் அந்த சீசன் பிளேஆஃபுக்கே வரல. கேப்டனா இருந்தவர் எடுத்த முடிவுங்க இது. நாற்காலி மாறினா பார்வையும் மாறிடுது, பழைய ஜெர்சி அங்க கூட வராது.

நாலாவது_லைன்:
கேப் கணக்கு கழுத்தை நெரிக்கும்போது யார் உக்காந்தாலும் அதைத்தான் செய்யணும், அவரை மட்டும் குத்தம் சொல்லாதீங்க. நான் கடைசியா ஜிம் நில் பேரை வைக்கிறேன். 80கள்ல என்ஹெச்எல்ல ஆடினவர், ஸ்டார் கிடையாது, மூணாவது நாலாவது லைன் ஆள். ஆடி முடிச்சுட்டு ஸ்கவுட்டா போயி ஊர் ஊரா குளிர்ல ரிங்க்ல உக்காந்தாரு, டெட்ராய்ட்ல பல வருஷம் ஹாலண்ட்டுக்கு அசிஸ்டன்ட். டல்லாஸ் ஜிஎம் ஆனது 2013ல, 2023, 2024, 2025 மூணு வருஷமும் சிறந்த ஜிஎம் அவார்ட். பிளேயரா இருந்தவரும்தான், வேலை கத்துக்கிட்டவரும்தான்.

நீலக்கோடு:
நில் மாதிரி வந்தா நான் கையெடுத்து கும்பிடுறேன் நண்பா, அவர்கிட்ட எனக்கு எந்த சண்டையும் இல்ல. அவருக்கு பேர் இல்லாததால யாரும் லிஃப்ட் கொடுக்கல, மாடிப்படி முழுக்க நடந்தாரு. பஃபலோ கெவின் ஆடம்ஸை 2020ல ஜிஎம் ஆக்கினப்போ அவர் அதுக்கு முன்னாடி அந்த டீம்ல பிசினஸ் பக்கம் பாத்துட்டு இருந்தவர், ஒரு டீமுக்கு அசிஸ்டன்ட் ஜிஎம்மா கூட இருந்ததில்ல. 2011லேர்ந்து 2025 வரை 14 சீசன் பிளேஆஃப் இல்லாம லீக் ரெக்கார்டு வச்ச டீம் அது, அந்த பள்ளத்தை அவர் தோண்டலன்னு தெரியும், ஆனா அதுல விழுந்து கிடந்த டீமுக்கு அனுபவமே இல்லாத ஆளை அனுப்ப எப்படி மனசு வந்துச்சு? அடுத்து ஒரு பழைய பிளேயர் பேரை அறிவிக்கும்போது நான் ஒண்ணே ஒண்ணுதான் கேப்பேன்: எத்தனை கோல் அடிச்சாருன்னு சொல்ல வேணாம், ரிட்டையர் ஆன பிறகு எத்தனை வருஷம் ஏஹெச்எல் ரிங்க்ல உக்காந்து பாத்தாருன்னு சொல்லுங்க.

நாலாவது_லைன்:
அதே கேள்வியை வக்கீலையும் டேட்டா ஆளையும் பாத்து கேப்பீங்கன்னா எனக்கு ஓகே. கேப்பீங்களா?

நீலக்கோடு:
கேப்பேன். டல்ஸ்கிகிட்ட பதில் இருக்கு, சாய்காகிட்ட இருந்திருக்காது.