சிறிய காரில் ஒன்பது நாள் பாலைவனப் பயணம்: சுமை ஏற்றியதும் பின்பக்கம் தாழ்ந்துவிடுகிறது, உதவி தேவை

கேள்வி

அனைவருக்கும் வணக்கம். நானும் என் தங்கையும் அடுத்த மாதம் 9 நாட்கள் பாலைவனத்தில் கூடாரமிட்டுத் தங்கத் திட்டமிட்டிருக்கிறோம். எங்களுடையது முன்சக்கர இயக்கம் கொண்ட சிறிய ஹாட்ச்பேக் கார். பாதை பெரும்பாலும் கெட்டியான மண்தரை. நடுநடுவே சிறிது தூரம் மணல் உண்டு. 5ஆம் நாள் தண்ணீரும் பெட்ரோலும் கிடைக்கும் ஓர் ஊரைக் கடப்போம்.

நேற்று எல்லாவற்றையும் ஏற்றி ஒத்திகை பார்த்தேன். எடுப்பதற்கு வசதியாக இருக்கட்டும் என்று 20 லிட்டர் தண்ணீர்க் கேன்கள் ஆறையும் நிரப்பி டிக்கிக் கதவை ஒட்டி நிறுத்தினேன். கூடாரம், மடக்கு நாற்காலிகள், கருவிப்பெட்டி ஆகியவை மேலே கேரியரில் இருந்தன. பின்பக்கம் பார்த்தவுடன் தெரியும் அளவுக்குத் தாழ்ந்துவிட்டது; வேகத்தடையில் வண்டியின் அடிப்பகுதி உரசியது; இரவில் எதிரே வந்த ஓட்டுநர்கள், என் விளக்கு கண்ணைக் கூசச் செய்கிறது என்று தங்கள் விளக்கை மினுக்கி உணர்த்தினார்கள். ஸ்டியரிங்கும் வழக்கத்தைவிட லேசாக இருந்தது. பின் ஸ்பிரிங்குகளை மாற்ற வேண்டுமா, அல்லது தண்ணீரைக் கேரியருக்கு மாற்றினால் போதுமா?

பதில் 1

நண்பரே, ஸ்பிரிங்கில் கை வைக்காதீர்கள். கெட்டியான ஸ்பிரிங் பொருத்தினால் வண்டி உயர்ந்து நிற்குமே தவிர, அச்சும் பிரேக்கும் டயரும் தாங்கக்கூடிய எடை கூடிவிடாது. தண்ணீரைக் கேரியருக்கு ஏற்றுவது அதைவிடத் தவறு. சிறிய கார்கள் பலவற்றில் கூரை தாங்கும் எடை 50 முதல் 75 கிலோவுக்குள்தான், அதிலும் கேரியரின் சொந்த எடையைச் சேர்த்துத்தான் கணக்கு. மேலும், சரிவான மணலில் வண்டி ஒருபக்கமாகச் சாயும்போது உச்சியில் இருக்கும் ஒவ்வொரு கிலோவும் அந்தச் சாய்வை அதிகப்படுத்தும்.

நீங்கள் சொன்ன அறிகுறிகள் எல்லாவற்றுக்கும் காரணம் ஒன்றே. டிக்கிக் கதவோரம் என்பது பின் அச்சுக்கும் பின்னால் இருக்கும் இடம். அங்கே 120 கிலோ அழுத்தும்போது, பின் அச்சை மையமாகக் கொண்டு முன்பக்கம் மேலெழும்புகிறது. விளக்கு உயர்ந்ததும் ஸ்டியரிங் லேசானதும் அதனால்தான். முன்சக்கரங்கள்தான் வண்டியை இழுக்கின்றன என்பதால், அவற்றின் மேல் எடை குறைந்தால் மணலில் முதலில் சுழல்பவையும் அவையே. விளக்கின் உயரத்தைத் திருகி இறக்கும் வசதி இருந்தால் பயன்படுத்துங்கள். ஆனால் அது வெளிச்சத்தை மட்டுமே சரிசெய்யும்.

முதலில் ஒரு கணக்குப் போடுங்கள். வண்டியின் அதிகபட்ச மொத்த எடையிலிருந்து வெற்று எடையைக் கழித்து, வரும் எண்ணோடு உங்கள் இருவரின் எடை, தண்ணீர், சாமான்கள் ஆகியவற்றின் கூட்டுத்தொகையை ஒப்பிட்டுப் பாருங்கள். சாமான்களின் எடையை ஊகிக்காமல், ஒவ்வொரு பையையும் தராசில் வைத்தே எழுதிக்கொள்ளுங்கள்.

கேட்டவர்

மிக்க நன்றி, ஐயா. கழித்துப் பார்த்ததில் 385 கிலோ வருகிறது. நாங்கள் இருவரும் 140, தண்ணீர் 120, மற்றவை 150; ஆக மொத்தம் 410. இடம் போதவில்லை என்றுதான் இதுவரை கவலைப்பட்டேனே ஒழிய, எடையை நினைத்துப் பார்க்கவே இல்லை. பாலைவனத்தில் தண்ணீரைக் குறைக்கச் சொல்லிவிடுவீர்களோ என்று அச்சமாக இருக்கிறது.

பதில் 2

நானும் என் கணவரும் இதே அளவுள்ள காரில் பலமுறை சென்று வந்திருக்கிறோம். குடிக்கும் அளவைக் குறைக்கவே கூடாது; சுமந்து செல்லும் அளவைத்தான் திட்டமிட வேண்டும். ஆளுக்கு 5 லிட்டர் வீதம் நாளொன்றுக்கு 10, சமையலுக்கு 2, ஆக 12 லிட்டர். ஐந்து நாளுக்கு 60 லிட்டரும், வண்டி பழுதாகி நின்றால் கைகொடுக்க இரண்டு நாளுக்கு 24 லிட்டரும் சேர்த்து 84 லிட்டர் எடுத்துக்கொண்டு, அந்த ஊரில் மீண்டும் நிரப்பிக்கொள்ளுங்கள். அங்கே தண்ணீர் கட்டாயம் கிடைக்கும் என்பதை மட்டும் புறப்படும் முன்பே விசாரித்து உறுதி செய்துகொள்ளுங்கள். பெரிய கேன்களுக்குப் பதிலாக 10 லிட்டர் கேன்களே நல்லவை. எங்கள் முதல் பயணத்தில் ஒரு கேனின் மூடி கரடுமுரடான பாதையின் அதிர்வில் தளர்ந்து, 20 லிட்டரும் படுக்கையில் இறங்கிவிட்டது. அன்றிரவுக் குளிரில் நனைந்த போர்வையோடு உட்கார்ந்திருந்ததை நான் இன்னும் மறக்கவில்லை.

கேன்களை முன் இருக்கைகளுக்குப் பின்னால், கால் வைக்கும் பள்ளத்தில் நிறுத்துங்கள். இரண்டு அச்சுகளுக்கும் நடுவே காரில் மிகவும் தாழ்வான இடம் அதுதான். மிஞ்சுகிற கேன்களைப் பின்னிருக்கையின் மேல் வைத்து, இருக்கைப் பட்டையால் இறுகக் கட்டுங்கள். கட்டாத கேன் திடீர் பிரேக்கில் உங்கள் முதுகைத் தேடி வரும்.

இன்னொன்றையும் தயவுசெய்து கவனியுங்கள்: உங்கள் ஸ்டெப்னி எங்கே இருக்கிறது? எங்களுக்கு டிக்கித் தளத்துக்கு அடியில் இருந்தது. நண்பகலில் பஞ்சர் ஆனபோது, அடுக்கி வைத்த அத்தனையையும் கொதிக்கும் மணலில் இறக்கி வைத்த பிறகுதான் அந்தச் சக்கரத்தைத் தொட முடிந்தது. ஜாக்கியும் மணலுக்குள் புதைந்துகொண்டே போனது. உணவுப் பெட்டியின் பலகை மூடியைக் கழற்றி அதன் அடியில் வைத்துத்தான் வண்டியைத் தூக்கினோம். அன்றிலிருந்து ஜாக்கிக்காகவே ஒரு பலகைத் துண்டு எங்களோடு வருகிறது. டிக்கியில் இரண்டு மூன்று பெரிய பைகள் மட்டும் இருந்தால் ஒரு நிமிடத்தில் இறக்கிவிடலாம். இருபது சிறிய பொட்டலங்கள் இருந்தால் முடியாது. நிழலுக்குக் கட்டும் தார்ப்பாயையும் மண்வெட்டியையும் கடைசியாக ஏற்றுங்கள், ஏனெனில் நின்றவுடன் முதலில் தேவைப்படுபவை அவைதாம்.

பதில் 1

சகோதரி சொன்னவற்றோடு இரண்டு செய்திகளைச் சேர்க்கிறேன். அடுப்புக்கான சிறிய கேஸ் குப்பிகளில் 50 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடேறக் கூடாது என்று அச்சிட்டிருக்கும். வெயிலில் மூடி நிறுத்திய காரின் உட்புறமோ 60 டிகிரியையும் தாண்டக்கூடும். ஆகவே வண்டியை நிறுத்தும்போதெல்லாம் குப்பிகளை வெளியே எடுத்து, காற்றோட்டமான நிழலில் வையுங்கள். டயரைப் பொறுத்தவரை, ஓட்டுநர் கதவுச் சட்டத்தில் ஒட்டியிருக்கும் அட்டவணையில் முழுச்சுமைக்கான காற்றழுத்தம் தனியாகக் குறிக்கப்பட்டிருந்தால், டயர் குளிர்ந்திருக்கும்போது அந்த அளவுக்கு நிரப்புங்கள். மணலில் சக்கரம் புதைந்தால் 18 பி.எஸ்.ஐ. வரை இறக்கி மெதுவாக ஓட்டலாம், ஆனால் கெட்டியான பாதைக்கு வந்ததும் மீண்டும் ஏற்றியாக வேண்டும். காற்றடிக்கும் சிறிய கம்ப்ரசர் இல்லாமல் இறக்கவே வேண்டாம்.

கேட்டவர்

இருவருக்கும் மனமார்ந்த நன்றி. இன்று அதிகாலையில் மீண்டும் ஏற்றிப் பார்த்தோம். இரும்பு நாற்காலிகளையும் இரண்டாவது அடுப்பையும் வீட்டிலேயே விட்டுவிட்டு, மற்ற சாமான்களை 120 கிலோவாகக் குறைத்தோம்; தண்ணீர் 84 லிட்டர்; மொத்தம் 344 கிலோ. கேரியரில் இப்போது கூடாரமும் படுக்கைகளும் மட்டுமே இருக்கின்றன. சக்கரத்தின் மையத்திலிருந்து அதன் மேல் வளைவு வரை டேப்பால் அளந்தபோது, முன்பு 6 சென்டிமீட்டர் தாழ்ந்த பின்பக்கம் இம்முறை இரண்டரை சென்டிமீட்டர்தான் தாழ்ந்தது. அதே வேகத்தடையை உரசாமல் கடந்தோம். பிறகு என் தங்கை கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருக்க, பைகளை இறக்கி ஸ்டெப்னியை வெளியே எடுத்தேன். மூன்று நிமிடம் ஆனது. ஜாக்கிக்கான பலகையை இன்று மாலை அறுத்து வைத்துவிடுகிறேன்.