போரோடின் குவார்டெட்டுக்கு 80 வயதா?

தந்திப்பித்தன்:
‘1945 முதல் ஒருநாளும் கலையாமல் இயங்கிவரும் நால்வர் குழு போரோடின் குவார்டெட், அந்தப் பெருமை லண்டனின் அமடேயஸ் குழுவுக்குக்கூட இல்லை’ என்று ஒருவர் இங்கே எழுதியிருந்தார். படித்ததும் எரிச்சல்தான் வந்தது. இரண்டு வயலின், சற்றுப் பெரிய வயோலா, இன்னும் பெரிய செல்லோ என நான்கு தந்தி வாத்தியங்கள் கொண்ட அந்த மாஸ்கோ குழுவில், ஆரம்ப காலத்து நால்வரில் ஒருவர்கூட இன்று இல்லை. வயோலா கலைஞர் ருடால்ஃப் பர்ஷாய் 1953-இல் விலகினார். முதல் வயலின் டுபின்ஸ்கி 1970-களின் நடுவில் நாட்டை விட்டே வெளியேறினார். செல்லோ பெர்லின்ஸ்கியும் 2007-இல் ஓய்வு பெற்றுவிட்டார். எஞ்சியிருப்பது பெயர்ப்பலகை மட்டுமே. அமடேயஸ் குழுவிலோ பிரெய்னின், நிஸ்ஸல், ஷிட்லோஃப், லவெட் என்ற அதே நால்வர் 40 ஆண்டுகள் வாசித்தார்கள். 1987-இல் ஷிட்லோஃப் மறைந்ததும், வேறொரு வயோலாக்காரரைத் தேடாமல் மற்ற மூவரும் குழுவையே முடித்துக்கொண்டார்கள்.

மாஸ்கோமேடை:
அந்த ‘ஒருவர்’ நான்தான். பெயரைச் சொல்லியே திட்டியிருக்கலாம். நிறுவனர்களில் ஒருவரான பெர்லின்ஸ்கி 60 ஆண்டுகளுக்கு மேல் அதே நாற்காலியில் அமர்ந்திருந்தார். 1996-இல் முதல் வயலினாகச் சேர்ந்த அகரோனியன், பெர்லின்ஸ்கியின் அருகிலேயே 11 ஆண்டுகள் வாசித்தவர். வில்லை எங்கே தொடங்குவது, அதிர்வே இல்லாமல் ஒரு சுரத்தை எவ்வளவு நேரம் வெறுமையாக நிறுத்துவது என்பதெல்லாம் புத்தகத்தைப் படித்து வருவதன்று, பக்கத்து நாற்காலியிலிருந்து வருவது. இழை அறுந்தது எங்கே என்று காட்டுங்கள்.

தந்திப்பித்தன்:
முதலில் ஒரு திருத்தம். பெர்லின்ஸ்கி நிறுவனர் அல்லர். அக்குழுவின் முதல் செல்லோ கலைஞர் ரோஸ்ட்ரோபோவிச்.

மாஸ்கோமேடை:
ரோஸ்ட்ரோபோவிச் இருந்தது சில வாரங்கள்தான் என்பதை வேண்டுமென்றே விட்டுவிட்டீர்கள். அவர் விலகிய இடத்துக்கு வந்த பெர்லின்ஸ்கி 2007 வரை நகரவில்லை. சில வாரங்களை வைத்து அறுபது ஆண்டுகளை அடித்துவிட முடியுமா?

தந்திப்பித்தன்:
சில வாரங்களோ சில மணி நேரமோ, முதலாமவர் முதலாமவர்தான். இரண்டாவதாக வந்தவரை நிறுவனர் என்று எழுதுவது வரலாறு ஆகாது.

இரண்டாம்வயலின்:
இருவரும் செல்லோவைப் பற்றியே அடித்துக்கொள்கிறீர்கள். ஆரம்ப ஆண்டுகளில் இரண்டாம் வயலின் வாசித்த நீனா பர்ஷாயின் பெயரை ஒருவரும் சொல்லவில்லை. எங்கள் இருக்கைக்கு எப்போதும் இதே கதிதான். போகட்டும், போரோடின் என்ற பெயர் 1955-இல்தான் வந்தது. அதுவரை அது மாஸ்கோ பில்ஹார்மோனிக் குழு. எனவே 1945 என்பதே தவறான தொடக்கம்.

மாஸ்கோமேடை:
அப்படியானால் அமடேயஸும் 1947-இல் பிரெய்னின் குவார்டெட் என்ற பெயரில் மேடையேறியதுதான். தந்திப்பித்தனின் 40 ஆண்டுகளிலும் சிறிது கழித்துக்கொள்ளுங்கள். அவர் குழுவுக்கு ஒரு நீதி, என் குழுவுக்கு வேறொரு நீதியா? ரஷ்ய இசையமைப்பாளர் ஷோஸ்டகோவிச் நால்வர் குழுவுக்காக எழுதிய எட்டாம் படைப்பை, அதாவது எட்டாம் குவார்டெட்டை, தனியாகத் தொடங்குவது செல்லோதான். அந்த நான்கு சுரங்களை பெர்லின்ஸ்கி வாசித்துக் கேட்டவர்கள் இந்தக் கணக்கெல்லாம் பேச மாட்டார்கள்.

தந்திப்பித்தன்:
எதிர்பார்த்தேன், ஷோஸ்டகோவிச்சை இழுப்பீர்கள் என்று. 1960-இல் அந்த எட்டாம் குவார்டெட்டை முதன்முதலில் அரங்கேற்றியது பீத்தோவன் குவார்டெட். அவருடைய குவார்டெட்டுகளில் இரண்டு முதல் பதினான்கு வரை எல்லாமே அவர்கள் கையால்தான் முதலில் ஒலித்தன. சென்ற ஆண்டும் இதே பெருமையை போரோடின் குழுவின் கணக்கில் எழுதி வைத்தீர்கள். நான் சுட்டிக்காட்டிய பின்பும் அதை நீக்கவில்லை.

மாஸ்கோமேடை:
அரங்கேற்றம் என்ற சொல்லை நான் இன்று பயன்படுத்தவே இல்லை. சென்ற ஆண்டு வழக்கை இங்கே கொண்டுவர வேண்டாம்.

எமர்சன்அன்பர்:
1976 முதல் 2023 வரை வாசித்து, தாமாகவே நாள் குறித்து விடைபெற்ற அமெரிக்காவின் எமர்சன் குவார்டெட்டை ஏன் ஒருவரும் எண்ணவில்லை? முதல் வயலின் இருக்கையை அதன் இரண்டு வயலின் கலைஞர்களும் மாறி மாறிப் பகிர்ந்துகொண்ட பெருந்தன்மை அமடேயஸ் குழுவில் உண்டா?

தந்திப்பித்தன்:
2013-இல் செல்லோ கலைஞர் ஃபிங்கல் போய் வாட்கின்ஸ் வந்த கணத்திலேயே உங்கள் எமர்சன் என் கணக்கிலிருந்து விழுந்துவிட்டது. இருக்கை மாற்றிக்கொள்வதைப் பற்றி வேறொரு இடத்தில் புகழ்ந்துகொள்ளுங்கள். இங்கே பேச்சு பெர்லின்ஸ்கி நிறுவனரா என்பது. அவர் நிறுவனர் அல்லர்.

இரண்டாம்வயலின்:
நீங்கள் தொடங்கியபோது பேச்சு அதுவாக இல்லை. கலையாத குழு எது என்பதுதான் கேள்வி. 2001-இல் செல்லோ கலைஞர் மட்டும் மாறிய அமெரிக்காவின் குவார்னெரி குழு கலைந்ததா, கலையவில்லையா? அதற்கு ஒரு பதில் சொன்னால்தானே மேலே பேச முடியும்?

தந்திப்பித்தன்:
குவார்னெரிக்குத் தனியாக வருகிறேன். மாஸ்கோமேடை முதலில் ஒரே ஒரு வரி எழுதட்டும்: 1945-இல் அந்தக் குழு கூடியபோது செல்லோவோடு அமர்ந்திருந்தவர் யார்?

மாஸ்கோமேடை:
2007-இல் அந்தச் செல்லோவோடு எழுந்தவர் யார் என்று நீங்கள் எழுதுங்கள். பிறகு நான் எழுதுகிறேன்.

தந்திப்பித்தன்:
ரோஸ்ட்ரோபோவிச். உங்களுக்காக நானே எழுதிவிட்டேன்.