டிஹெச்பி (டிஸ்கிரிஷனரி ஹவுசிங் பேமென்ட், வாடகைப் பற்றாக்குறைக்குக் கவுன்சில் தன் விருப்புரிமையில் தரும் உதவி) மறுப்புக் கடிதம்: “மாதம் 145 பவுண்டு மிச்சம்” என்கிறது கவுன்சில். ரிவ்யூ (மறுபரிசீலனை) எப்படிக் கேட்பது?

வெண்தாமரை (பிப்ரவரி 2026)
லண்டன் வெளிப்பகுதியில் தனியார் வாடகை வீடு, இரண்டு படுக்கையறை. டிசம்பரிலிருந்து வாடகை 1,450இலிருந்து 1,650 பவுண்டாகிவிட்டது. புது வாடகையை யூனிவர்சல் கிரெடிட்டுக்கு (குறைந்த வருமானத்துக்கு அரசு தரும் உதவித்தொகை) அறிவித்தும் அதில் வாடகைக்குரிய பங்கான ஹவுசிங் எலிமென்ட் 1,400க்கு மேல் ஏறவில்லை. கணவர் வேலை செய்கிறார். மகனுக்கு நவம்பரில் 10 வயது முடிந்தது, ஓட்டிசம் இருப்பதால் டிஎல்ஏ என்ற மாற்றுத்திறன் உதவித்தொகை (மிடில் ரேட் கேர், அதாவது பராமரிப்புக்கான நடு வீதம்) வருகிறது. மகளுக்கு 7. டிசம்பர், ஜனவரி இரண்டு மாதமும் சேர்ந்து 500 பவுண்டு பாக்கி. கவுன்சிலிடம் டிஹெச்பி கேட்டோம். செலவு போக 145 பவுண்டு மிச்சம் இருக்கிறது என்று மறுத்துவிட்டார்கள். ட்ரிபியூனலுக்கு (தீர்ப்பாயம்) போகலாமா?

கணக்குப்பிள்ளை
அக்கா, டிஹெச்பிக்கு ட்ரிபியூனல் இல்லை. கவுன்சிலிடமே ரிவ்யூ கேட்க வேண்டும். கடைசித் திகதி கடிதத்தில் இருக்கும், பெரும்பாலும் ஒரு மாதம். ஆனால் அதற்கு முன் உங்கள் யூனிவர்சல் கிரெடிட் கணக்கே பிழைபோல் தெரிகிறது.

ஆணும் பெண்ணுமான இரு பிள்ளைகள் ஒரே அறையில் இருக்கலாம் என்று கணக்கிடுவது இருவரும் 10 வயதுக்குக் கீழ் இருக்கும்வரைதான். நவம்பரிலிருந்து உங்களுக்கு மூன்று அறை வீதம் (எல்ஹெச்ஏ, அதாவது அறை எண்ணிக்கைப்படி வாடகை உதவிக்கு உள்ள உச்ச வரம்பு) உரியது. குடியிருப்பது இரண்டு அறை வீடு என்பது பொருட்டல்ல. தனியார் வாடகையில் எல்ஹெச்ஏ பார்ப்பது குடும்பத்துக்கு உரிய அறை எண்ணிக்கையை, வீட்டின் அறைகளை அல்ல. மூன்று அறை வீதம், உங்கள் உண்மையான வாடகை, இவற்றில் எது குறைவோ அது கிடைக்கும். எல்ஹெச்ஏ 2024 ஏப்ரலிலிருந்து உறைந்தே கிடக்கிறது. இருந்தாலும் லண்டனில் பல இடங்களில் மூன்று அறை வீதம் 1,650ஐத் தாண்டும். அரசு இணையதளத்தில் அஞ்சல் குறியீட்டைப் போட்டுப் பாருங்கள். வார வீதமாகக் காட்டினால் 52ஆல் பெருக்கி 12ஆல் வகுங்கள். நான்கால் பெருக்கினால் மாதத் தொகை குறைவாக வரும்.

உங்கள் 1,400 இரண்டு அறை வீதம்தானா என்று பார்த்துவிட்டு, ஆம் என்றால் இன்றே யூனிவர்சல் கிரெடிட் இணையக் கணக்கின் ஜர்னலில் எழுதுங்கள்: “மகனுக்கு 10 வயது முடிந்த மாதத்திலிருந்து மூன்று அறை வீதம் பொருந்தும். அந்த அசெஸ்மென்ட் பீரியட் முதல் மாண்டேட்டரி ரீகன்சிடரேஷன் கேட்கிறேன்.” (அசெஸ்மென்ட் பீரியட் என்பது தொகை கணக்கிடும் மாதக் காலம், மாண்டேட்டரி ரீகன்சிடரேஷன் என்பது முடிவை மறுபடி பார்க்கக் கோருவது.) வழக்கமான கெடு ஒரு மாதம், காரணம் சொன்னால் 13 மாதம் வரை ஏற்கலாம். பிறந்த திகதி ஏற்கெனவே அவர்களிடம் இருக்கிறது என்பதையும் மறக்காமல் எழுதுங்கள். இது சரியானால் பின்தொகையிலேயே பாக்கி தீரக்கூடும்.

கடலோரம்
கூடின காசை பெனிஃபிட் கேப் (மொத்த உதவித்தொகைக்கு உள்ள உச்ச எல்லை) பிடுங்கிக்கொள்ளாதா? கிரேட்டர் லண்டனில் பிள்ளைகள் உள்ள குடும்பத்துக்கு மாதம் 2,110.25 பவுண்டுதானே எல்லை?

கணக்குப்பிள்ளை
இவர்களிடம் பிடுங்காது. பிள்ளைக்கு டிஎல்ஏ இருந்தால் அந்தக் குடும்பத்துக்குக் கேப் இல்லை. ஸ்டேட்மென்டில் கேப் என்று ஏதாவது கழித்திருந்தால் அதையும் அதே ஜர்னல் குறிப்பில் கேளுங்கள்.

தெருவிளக்கு
அந்த 145க்கு வருகிறேன். கவுன்சில் போட்ட வருமான, செலவுக் கணக்கின் பிரதியைக் கேட்டு வாங்குங்கள். கடிதத்தில் மொத்தம் மட்டுமே இருந்தால் எதை எதிர்ப்பது என்றே விளங்காது. உங்கள் விஷயத்தில் முதலில் பார்க்க வேண்டியது டிஎல்ஏ. மிடில் ரேட் கேர் 2025–26 நிதியாண்டில் வாரம் 73.90, மாதக் கணக்கில் 320.23 பவுண்டு. அதை வருமானத்தில் சேர்த்திருந்தால், எடுத்தவுடன் உங்கள் “மிச்சம்” 175 பவுண்டு பற்றாக்குறையாகிவிடும்.

யோசிக்காமல் சேர்க்கவும் கூடாது. ஹார்டி எதிர் சாண்ட்வெல் கவுன்சில் வழக்கில் 2015இல் உயர் நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொன்னது: டிஹெச்பி கணக்கில் டிஎல்ஏ கேர் தொகையை எப்போதும் வருமானமாக எடுப்பது சட்டவிரோதம், அது எதற்காகத் தரப்படுகிறது என்று பார்க்க வேண்டும். ரிவ்யூ கடிதத்தில் வழக்கின் பெயரையும் ஆண்டையும் எழுதுங்கள். மகனுக்காக ஆகும் கூடுதல் செலவுகளையும் தனித்தனியாக எழுதுங்கள்: பள்ளிப் போக்குவரத்து, தனி உணவு, உடைபடும் பொருட்கள், கூடுதல் சலவை. “பராமரிப்புச் செலவு” என்று ஒரே வரியில் போட்டால் அதிகாரி கடந்து போய்விடுவார்.

டிஸ்கிரிஷனரி என்பதால் அவர்கள் நினைத்தபடி செய்யலாம் என்று எங்கள் ஆட்கள் பேசாமல் விட்டுவிடுகிறார்கள். அது பெரிய இழப்பு. விருப்புரிமைக்கும் நியாயமான காரணம் வேண்டும்.

வெண்தாமரை
நன்றி. இன்னொரு விஷயம், மாமிக்கு மாதம் 80 பவுண்டு ஊருக்கு அனுப்புகிறோம். சீட்டுக்கும் 100 போகிறது. அதனாலும் மறுத்திருப்பார்களா?

தெருவிளக்கு
இருக்கலாம். எல்லாக் கணக்குகளின் ஸ்டேட்மென்டையும் கேட்பார்கள், மறைக்கவே கூடாது. ஊருக்குப் போகும் காசைத் தவிர்க்கக்கூடிய செலவாக எடுக்க அவர்களுக்கு இடமுண்டு. மருந்துக்கா, சாப்பாட்டுக்கா என்று எழுதி ரசீதை இணையுங்கள். கொஞ்சமேனும் குறைத்திருந்தால் அதையும் சொல்லுங்கள். சீட்டைப் பொறுத்தவரை, எடுத்துவிட்டுக் கட்டுகிறீர்கள் என்றால் அது கடன், எத்தனை மாதம் மீதி என்று எழுதுங்கள். இன்னும் எடுக்கவில்லை என்றால் சேமிப்பாகத்தான் பார்ப்பார்கள். அதை மறுத்து வாதாடிப் பயனில்லை.

கடலோரம்
கவுன்சில் டாக்ஸ், தண்ணீர் பில் இரண்டையும் இந்த விண்ணப்பத்தில் சேர்க்க வேண்டாம், டிஹெச்பி அவற்றுக்குத் தராது. சாங்ஷனால் (நிபந்தனை மீறலுக்கான கழிவு) குறைந்த தொகையையும் ஈடுகட்டாது. பாக்கிக்கு ஒரே தொகையாகக் கேட்கலாம். மாதவாரியாக எவ்வளவு கட்டினீர்கள், எவ்வளவு நிற்கிறது என்று வீட்டுக்காரரிடம் கையெழுத்திட்ட தாள் வாங்கி இணையுங்கள்.

அன்புமதி
என் மனைவி விசாவில் ‘நோ ரிகோர்ஸ்’ (அரசு நலத்தொகை பெறக் கூடாது என்ற நிபந்தனை) இருக்கிறது. நானும் இதைக் கேட்கலாமா?

கணக்குப்பிள்ளை
தம்பி, விண்ணப்பிக்கும் முன் குடிவரவு ஆலோசகரிடம் கதையுங்கள். அவசரப்பட்டால் விசாவில் சிக்கல் வரலாம். பிள்ளைகள் இருந்தால் 1989 சில்ட்ரன் ஆக்ட், 17ஆம் பிரிவின் கீழ் கவுன்சில் தரும் உதவி அந்த நிபந்தனை தடுக்கும் பப்ளிக் ஃபண்ட்ஸ் (அரசு நலத்தொகை) கணக்கில் வராது.

வெண்தாமரை
கணக்குப் பிரதி வந்துவிட்டது. “இதர வருமானம்” என்ற வரியில் டிஎல்ஏ இருக்கிறது. ஜர்னலிலும் எழுதிவிட்டேன், 1,400 இரண்டு அறை வீதம்தான். யூனிவர்சல் கிரெடிட் பதில் வரும்வரை ரிவ்யூவை நிறுத்திவைக்கட்டுமா?

தெருவிளக்கு
வேண்டாம், சுணங்காமல் அனுப்புங்கள். கெடுவும் ஓடுகிறது, மார்ச் 31உடன் நிதியாண்டும் முடிகிறது. ஏப்ரல் 2026 முதல் இங்கிலாந்தில் டிஹெச்பியும் ஹவுஸ்ஹோல்ட் சப்போர்ட் ஃபண்டும் (கவுன்சில் வழியாக வரும் இன்னொரு அவசர உதவி) க்ரைசிஸ் அண்ட் ரெசிலியன்ஸ் ஃபண்ட் என்ற ஒன்றுக்குள் போகின்றன. அதன்பின் விண்ணப்பப் படிவமும் கவுன்சிலின் விதிகளும் மாறலாம். அறை வீதம் பற்றி யூனிவர்சல் கிரெடிட்டிடம் கேட்டிருப்பதை ரிவ்யூ கடிதத்தில் சொல்லி, ஜர்னல் பக்கத்தின் படத்தையும் இணையுங்கள். பின்தொகை வந்தால் உடனே கவுன்சிலுக்கு அறிவியுங்கள்.

வீட்டுக்காரரிடமும் எழுத்தில் சொல்லிவையுங்கள். மே 1 முதல், காரணம் சொல்லாமல் வெளியேற்ற இடம்தரும் செக்‌ஷன் 21 இல்லாமல் போகும். ஆனால் பாக்கி மூன்று மாத வாடகை அளவுக்குச் சேர்ந்தால் நீதிமன்றம் கட்டாயம் வெளியேற்ற வேண்டிய நிலை வரும். அதற்குமுன் நோட்டீஸ் ஏதாவது வந்தால் கவுன்சிலின் ஹோம்லெஸ்னஸ் (வீடற்றோர்) பிரிவுக்குப் போங்கள். 56 நாளுக்குள் வீடு போகும் அபாயம் என்றால் உதவுவது அவர்களின் சட்டக் கடமை. ரிவ்யூவிலும் டிஎல்ஏவைச் சேர்த்தே கணக்குப் போட்டால் கவுன்சிலில் முறைப்பாடு, அதன்பின் லோக்கல் கவர்ன்மென்ட் அண்ட் சோஷியல் கேர் ஓம்பட்ஸ்மன் (கவுன்சில்கள் மீதான முறைப்பாடுகளை விசாரிப்பவர்). ஷெல்டர், சிட்டிசன்ஸ் அட்வைஸ் என்ற தொண்டு அமைப்புகள் அந்தக் கடிதங்களை எழுத இலவசமாக உதவுவார்கள்.