கிங்ஸ் அணியை சியாட்டிலுக்கு விற்க விடாதது நியாயமா?

பச்சைமஞ்சள்:
சியாட்டிலுக்கு மறுபடி என்பிஏ (அமெரிக்கக் கூடைப்பந்து லீக்) அணி வரும் என்று பேச்சு கிளம்பும்போதெல்லாம் எனக்கு 2013 மே 15 நினைவுக்கு வந்து வயிறு எரிகிறது. புதியவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். சாக்ரமென்டோ கிங்ஸில் மலூஃப் குடும்பத்தின் பொறுப்பிலிருந்த 65 சதவீதப் பங்கை கிறிஸ் ஹான்சன், ஸ்டீவ் பால்மர் குழுவுக்கு விற்க அந்த ஜனவரியிலேயே ஒப்பந்தம் ஆகிவிட்டது. அணியின் மொத்த மதிப்பு 52.5 கோடி டாலர் என்று பேசினார்கள். அப்புறம் 55 கோடி, கடைசியில் 62.5 கோடி வரை ஏற்றினார்கள். திருப்பிக் கேட்க முடியாத முன்பணம் மட்டும் 3 கோடி. இவ்வளவுக்கும் பிறகு டல்லாஸில் கூடிய லீக் அணிகளின் ஓனர்கள், அணி சியாட்டிலுக்கு இடம் மாறக் கூடாது என்று 22-8 வாக்கில் முடித்துவிட்டார்கள். குறைந்த விலை சொன்ன விவேக் ரணதிவே குழுவுக்கு 53.4 கோடி மதிப்பில் அணி போனது. என் வீட்டை யாருக்கு விற்பது என்று தெருக்காரர்கள் கூடி முடிவெடுப்பார்களா?

ஊதாக்கொடி:
அணி வீடு இல்லை நண்பரே. மலூஃப் சகோதரர்கள் வாங்கியது முப்பது பேர் கிளப்பில் ஒரு இடம். விற்பதற்கும் ஊர் மாற்றுவதற்கும் மற்றவர்கள் சம்மதம் வேண்டும் என்ற விதிக்கு ஒத்துக்கொண்டுதான் உள்ளே வந்தார்கள். லாஸ் வேகாஸ் கசினோவில் அடி வாங்கிய பிறகு அந்த விதி கசந்துவிட்டது போலிருக்கிறது.

சாக்ரமென்டோ என்ன பாடுபட்டது என்பதையும் எழுதியிருக்கலாம். 2011இல் அனஹைமுக்குப் போகப் பார்த்தார்கள். 2012 பிப்ரவரியில் புது அரங்கத்துக்கு ஆர்லாண்டோவில் கை குலுக்கிவிட்டு, சில வாரங்களில் பின்வாங்கினார்கள். மூன்றாவது முறை மேயர் கெவின் ஜான்சன் (பீனிக்ஸ் சன்ஸுக்கு ஆடிய அதே ஆள்தான்) தெருத்தெருவாகச் சுற்றாத குறையாகப் பணக்காரர்களைத் திரட்டினார். ரசிகர்கள் புது ஓனர் வந்தால் சீசன் டிக்கெட் எடுப்போம் என்று உறுதிமொழி எழுதிக் கொடுத்தார்கள். அந்த ஊரில் பெரிய லீக் அணி என்று இருந்ததே இது ஒன்றுதான். 2008இல் சியாட்டில் தன் சோனிக்ஸ் அணியைப் பறிகொடுத்த வலி உங்களுக்குத் தெரியும். அதையே இன்னொரு ஊருக்குக் கொடுக்கலாம் என்கிறீர்களா?

பச்சைமஞ்சள்:
அந்த 2008தானே என் வழக்கே! ஸ்டார்பக்ஸ் ஹோவர்ட் ஷுல்ட்ஸ் 2006இல் சோனிக்ஸை 35 கோடிக்கு கிளே பென்னட் குழுவுக்கு விற்றார். சியாட்டிலில் வைத்திருப்பதற்காக அணியை வாங்கவில்லை என்று பென்னட்டின் கூட்டாளி ஆப்ரி மெக்லெண்டன் மறு வருடமே ஓக்லஹோமா பத்திரிகையிடம் சொன்னார். லீக் என்ன செய்தது? இரண்டரை லட்சம் டாலர் அபராதம், அவ்வளவுதான். 1979இல் கோப்பை வென்ற அணி ஓக்லஹோமா சிட்டிக்குப் போனது. நகரத்துக்கு 4.5 கோடி கொடுத்து வழக்கை முடித்துக்கொண்டார்கள்.

இப்போது கேளுங்கள். 2013இல் கிங்ஸ் இடம் மாறலாமா என்று ஆராய்ந்து 7-0 என்று மறுத்த குழுவுக்குத் தலைவர் யார்? அதே கிளே பென்னட்! வேலிக்கு ஓணான் சாட்சி.

இன்னொன்று. கிங்ஸ் சாக்ரமென்டோவில் முளைத்த அணியா? ராச்செஸ்டர், சின்சினாட்டி, கன்சாஸ் சிட்டி என்று அலைந்து 1985இல் வந்தது. அவர்கள் வென்ற ஒரே கோப்பை 1951இல், ராச்செஸ்டரில். கன்சாஸ் சிட்டிக்காக இங்கே யாரும் அழுததாகத் தெரியவில்லை.

கணக்குப்பிள்ளை:
இரண்டு பேரும் பாசத்தைப் பேசுகிறீர்கள். நான் ரசீதைப் பார்க்கிறேன். சியாட்டிலை ஒட்டிய ரென்டனில் 50 கோடி டாலர் அரங்கம் வேண்டும், அதில் பெரும்பங்கு மக்கள் பணமாக வேண்டும் என்று பென்னட் கேட்டார். வாஷிங்டன் மாநில சட்டமன்றம் கொடுக்கவில்லை. அதற்கு முன்பே, லாபம் இல்லாமல் விளையாட்டு அணிகளுக்கு நகரப் பணத்தைக் கொட்டக் கூடாது என்று சியாட்டில் மக்களே வாக்களித்திருந்தார்கள். அணி போயிற்று. சாக்ரமென்டோ நகர மன்றமோ பார்க்கிங் வருமானத்தை அடகு வைத்து சுமார் 25 கோடிக்குத் தலையாட்டியது. அணி தங்கியது. இதில் தர்மம் எங்கே வந்தது?

பச்சைமஞ்சள்:
கணக்கில் பாதியை விட்டுவிட்டீர்கள் சார். ஹான்சனின் 49 கோடி அரங்கத் திட்டத்துக்கு சியாட்டில் நகரமும் கிங் கவுன்டியும் 20 கோடி வரை கடன் திரட்டித் தர 2012இலேயே ஒத்துக்கொண்டன. அதையும் அரங்க வருமானத்திலிருந்தே அடைப்பதாகத் திட்டம். எங்கள் ஊர் இந்த முறை கையை மூடிக்கொள்ளவில்லை.

கணக்குப்பிள்ளை:
சரிதான், அதனால்தான் கதை இன்னும் மோசம். இரண்டு ஊரையும் ஏலத்தில் நிறுத்தினார்கள். இரண்டும் காசு வைத்த பிறகு, இருக்கிற இடத்திலேயே விட்டால் வழக்கும் இல்லை, வசையும் இல்லை. அதோடு ஒரு பெரிய சந்தை காலியாக இருப்பது மற்ற ஓனர்களுக்கு எவ்வளவு வசதி! அரங்கம் கட்டித் தராவிட்டால் சியாட்டிலுக்குப் போய்விடுவோம் என்று எந்த ஊரையும் மிரட்டலாம்.

மூணுபாயின்ட்:
காப்பாற்றிய அணியை வைத்து என்ன கிழித்தார்கள் என்பதையும் பேசுங்களேன். ஓனராக வந்தது மும்பையில் பிறந்தவர் என்று நானும் துள்ளினேன். 2014 டிசம்பரில் பயிற்சியாளர் மைக் மலோனைத் துரத்தினார்கள். அவர் 2023இல் டென்வருக்குக் கோப்பை வாங்கிக் கொடுத்தார். 2018 டிராஃப்டில் (புது வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் முறை) பின்னாளில் பெரிய நட்சத்திரமான லூகா டொன்சிச்சை விட்டுவிட்டு மார்வின் பேக்லியை எடுத்தார்கள். இதை எழுதும்போதே கை நடுங்குகிறது. மலூஃப் காலத்தையும் சேர்த்து, பிளேஆஃப் (கோப்பைக்கான கடைசிச் சுற்றுகள்) வாசலை மிதிக்காமல் 16 சீசன்! 2019இல் மும்பைக்கு வந்து இந்தியானா பேசர்ஸோடு ஆடியது ஒன்றுதான் நமக்கு மிச்சம். பால்மரோ 2014இலேயே 200 கோடி கொடுத்து லாஸ் ஏஞ்சலஸ் கிளிப்பர்ஸ் அணியை வாங்கினார். அப்படிப்பட்ட ஆளைத் திருப்பி அனுப்பியவர்கள் புத்திசாலிகளா?

ஊதாக்கொடி:
மோசமாக நடத்தியது வேறு, ஊரில் இருக்கவிட்டது வேறு. ரணதிவேயை நானே தினமும் திட்டுகிறேன். திட்டுவதற்கு அணி இருக்கிறதே! 2023இல் பிளேஆஃபுக்கு வந்தபோது ஒவ்வொரு வெற்றிக்கும் அரங்கத்தின் உச்சியிலிருந்து ஊதா ஒளி வானத்துக்குப் போயிற்று. கூடைப்பந்து தெரியாதவர்கள்கூட வெளியே வந்து பார்த்தார்கள்.

அப்புறம் ஹான்சனைப் பெரிய தியாகி ஆக்க வேண்டாம். தோற்ற பிறகு, சாக்ரமென்டோ அரங்கத் திட்டத்தை முடக்க நடந்த கையெழுத்து வேட்டைக்கு ரகசியமாகப் பணம் கொடுத்து மாட்டிக்கொண்டவர் அவர். கலிபோர்னியாவில் 50,000 டாலர் அபராதம் கட்டினார்.

பச்சைமஞ்சள்:
அது அசிங்கமான வேலைதான், அவரே மன்னிப்பு கேட்டார். அதற்கும் ஓனர்கள் வாக்களித்ததற்கும் தொடர்பில்லை. வாக்கெடுப்பு நடந்து முடிந்த பிறகுதான் இந்தக் கூத்து. லீக் நியாயமாகத்தான் முடிவெடுக்கும் என்று கிங்ஸ் ரசிகர் ஒருவர் எனக்குப் பாடம் எடுப்பதுதான் வேடிக்கை. 2002 லேக்கர்ஸ் தொடர், ஆறாவது ஆட்டம், நான்காவது குவார்ட்டரில் லேக்கர்ஸுக்கு மட்டும் 27 ஃப்ரீ த்ரோ (எதிரணியின் ஃபவுலுக்காக நடுவர் தரும் இலவச வீச்சு). மறந்துவிட்டதா?

ஊதாக்கொடி:
அதை இழுக்காதீர்கள் ஐயா. இன்னும் ஆறவில்லை.

மூணுபாயின்ட்:
🙂 அதில் மட்டும் இரண்டு பேரும் ஒரே கட்சி.

கணக்குப்பிள்ளை:
கடைசியாக ஒன்று. கிங்ஸ் அன்று இடம் மாறியிருந்தால், இடமாற்றக் கட்டணமாக ஹான்சன் குழு தருவதாகச் சொன்னது 11.5 கோடி. மற்ற ஓனர்கள் பங்கு போட்டால் ஆளுக்கு 40 லட்சம் டாலர் வரும். சியாட்டிலில் புதிதாக ஒரு அணியை உருவாக்கினால், நுழைவுக் கட்டணமே பல நூறு கோடி டாலர் இருக்கும் என்கிறார்கள். அதையும் அந்த முப்பது பேர்தான் பிரித்துக்கொள்வார்கள். 2018இல் சியாட்டிலுக்கு ஹாக்கி அணி கொடுத்தபோது அந்த லீக் வாங்கிய கட்டணம் 65 கோடி. சோனிக்ஸ் ஆடிய பழைய கீ அரினாவையும் புதுப்பித்தாயிற்று, 2021 முதல் அங்கே ஹாக்கி நடக்கிறது. அரங்கம் தயார், ஆசை தயார், விலை மட்டும் ஏறிக்கொண்டே போகிறது. அன்று வேண்டாம் என்ற 22 பேரும் கணக்கில் புலிகள்.

பச்சைமஞ்சள்:
அந்தப் பணத்தில் ஒரு பங்கு ஓக்லஹோமா சிட்டிக்கும் போகுமே சார், அதையும் சொல்லுங்கள்.