27 வாரத்தில் ஃப்ளூ: மாத்திரை போடாமல் சமாளிக்கலாமா?

விடிகாலைத்தூக்கம்:
எனக்கு இது முதல் பிரசவம். 27 வாரம் முடிந்து இரண்டு நாள் ஆகிறது. நேற்று மதியம் தொண்டை கரகரப்பு, அவ்வளவுதான். ராத்திரி பத்து மணிக்குள் அடித்துப் போட்ட மாதிரி உடம்பு வலி, காய்ச்சல் 102.4. காலையில் மூக்கில் குச்சி விட்டுப் பார்த்ததில் இன்ஃப்ளூயன்சா ஏ என்று வந்தது. டாக்டர் ஓசெல்டாமிவிர் எழுதிக் கொடுத்து, காய்ச்சலுக்குப் பாராசிட்டமாலும் போடச் சொன்னார். இரண்டு அட்டையும் மேசையில் அப்படியே கிடக்கின்றன, இன்னும் பிரிக்கவில்லை.

இந்த ஆறரை மாதமாகத் தலைவலிக்குக்கூட மாத்திரை போடாமல் இருந்துவிட்டேன். வீம்பு என்பார் கணவர். இப்போது போய் வைரஸ் மருந்தை விழுங்கினால் குழந்தைக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்று பயமாக இருக்கிறது. மருந்துப் பெட்டிக்குள் மடித்து வைத்திருந்த தாளையும் முழுக்கப் படித்துத் தொலைத்தேன். ஈரத்துணி போட்டு ஓட்டிவிடலாமா? வைரஸ் குழந்தைக்குப் போகுமா? படி ஏறினால் மூச்சு வாங்குவது முன்பே இருந்ததுதான். அதில் எது கர்ப்பத்தால், எது ஃப்ளூவால் என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

இரட்டைச்சடை:
முதலில் அட்டையைப் பிரித்து டாக்டர் சொன்னதைப் போடுங்கள். மீதியை அப்புறம் படிக்கலாம்.

எனக்கு வந்தது 31வது வாரத்தில். நானும் உங்களை மாதிரியேதான், நான்கு நாள் பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தேன். பொறுத்துக்கொண்டால் குழந்தைக்கு நல்லது செய்கிறேன் என்று ஒரு நினைப்பு. ஐந்தாம் நாள் காலை பல் துலக்கிவிட்டு வாய் கொப்பளிக்கிறேன், அந்த இரண்டு நொடிகூட மூச்சை அடக்க முடியவில்லை. வாஷ்பேசினைப் பிடித்தபடி கணவரைக் கூப்பிட்டேன். "எனக்கு" என்று ஒரு மூச்சு, "முடியல" என்று இன்னொரு மூச்சு. ஆஸ்பத்திரியில் விரலில் மாட்டிய ஆக்சிமீட்டர் 91 காட்டியது. நிமோனியா. ஆறு நாள் ஆக்சிஜன்.

மறக்க முடியாதது வேறொன்று. வயிற்றில் பெல்ட் கட்டிக் குழந்தையின் இதயத் துடிப்பைப் பார்த்தார்கள். 180ஐத் தாண்டி ஓடிக்கொண்டிருந்தது. எனக்குக் காய்ச்சல் இறங்க இறங்க அதுவும் 170, 160 என்று இறங்கி, 150க்கு வந்து நின்றது. மாத்திரை போடாமல் அவளைக் காப்பாற்றுகிறேன் என்று நான் நினைத்த நான்கு நாளும் அவளும் என்னோடு சேர்ந்து கொதித்திருக்கிறாள். 36வது வாரத்தில் பிறந்தாள். இப்போது மூன்று வயது, வாய் ஓயாது.

மஞ்சள்குடை:
எல்லாரும் இப்படிப் பயமுறுத்தினால் எப்படி? எனக்கும் ஏழாம் மாதம் ஃப்ளூ வந்தது. ஐந்து நாளில் தானாகப் போய்விட்டது. பெரும்பாலானவர்களுக்கு அப்படித்தான்.

வார்டுக்காரி:
பிரசவ வார்டில் 14 வருடமாக நர்ஸாக இருக்கிறேன். மஞ்சள்குடை சொல்வது சரிதான், பெரும்பாலானவர்கள் வீட்டிலேயே தேறிவிடுவார்கள். ஆனால் யார் தேறுவார், யார் சரிவார் என்று முதல் நாளே சொல்ல முடியாது. ஓசெல்டாமிவிர் நன்றாக வேலை செய்வதோ அறிகுறி தொடங்கி 48 மணி நேரத்துக்குள். பொறுத்துப் பார்க்கலாம் என்பவர்கள் கோட்டை விடுவது அந்த நேரத்தைத்தான். கர்ப்பிணிகளுக்கு இதைத் தயங்காமல் கொடுக்கிறார்கள்.

ஃப்ளூ வைரஸ் நஞ்சுக்கொடியைத் தாண்டிக் குழந்தைக்குப் போவது அரிது. கொரோனாவில் சிலருக்கு நஞ்சுக்கொடியே பாதிக்கப்பட்டது, அது வேறு கதை. ஃப்ளூவில் குழந்தைக்கு ஆபத்து வருவது அம்மாவின் காய்ச்சல் வழியாகவும் மூச்சு வழியாகவும்தான். கருப்பை வளர்ந்து, நுரையீரலுக்குக் கீழே மூச்சு விட உதவும் தசையான உதரவிதானத்தை சுமார் 4 செ.மீ. மேலே தள்ளிவிடுகிறது. மூச்சு விட்ட பிறகு நுரையீரலில் மிச்சம் இருக்கும் காற்று ஐந்தில் ஒரு பங்கு குறைகிறது. உடம்புக்கு வேண்டிய ஆக்சிஜனோ அதே அளவு கூடுகிறது. கையிருப்பு குறைவு, செலவு அதிகம். அதில் நிமோனியாவும் சேர்ந்தால் தாங்காது. 2009இல் பன்றிக் காய்ச்சல் பரவியபோது அமெரிக்க மக்கள்தொகையில் கர்ப்பிணிகள் 1 சதவீதம் அளவுதான், ஆனால் அங்கே பதிவான இறப்புகளில் சுமார் 5 சதவீதம் கர்ப்பிணிகள்.

மூச்சு வாங்குவது பற்றிக் கேட்டீர்கள். படி ஏறினால் வாங்கி, உட்கார்ந்ததும் அடங்கினால் அது பெரும்பாலும் கர்ப்பம். சும்மா உட்கார்ந்திருக்கும்போதே வாங்கினாலோ, ஒரு வாக்கியத்தை நடுவில் நிறுத்தாமல் சொல்ல முடியாவிட்டாலோ கிளம்பிவிடுங்கள். ஆக்சிமீட்டர் 95க்குக் கீழே காட்டினாலும் அப்படியே. நகப்பூச்சு இருந்தால் அழித்துவிட்டு மாட்டுங்கள். மாத்திரை போட்டும் காய்ச்சல் இறங்கவில்லை, நெஞ்சு வலி, குழந்தையின் அசைவு குறைந்த மாதிரி இருக்கிறது என்றால் விடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம்.

இன்னொன்று. காய்ச்சலுக்குப் பாராசிட்டமால் மட்டும். 20 வாரத்துக்கு மேல் டாக்டர் சொல்லாமல் ஐபுப்ரோஃபென் போடாதீர்கள், குழந்தையின் சிறுநீரகத்தைப் பாதித்துப் பனிக்குட நீரைக் குறைக்கலாம். சளி மருந்து வாங்கினால் அதிலும் பாராசிட்டமால் இருக்கிறதா என்று பாருங்கள். தெரியாமல் இரண்டு மடங்கு போட்டுக்கொண்டு வருகிறவர்களை மாதம் ஒருவராவது பார்க்கிறேன்.

விடிகாலைத்தூக்கம்:
மூன்று மணிக்கு இரண்டையும் போட்டேன். ஐந்தரைக்கு 100.2. கணவர் கடையில் ஆக்சிமீட்டர் வாங்கி வந்தார், 97 காட்டுகிறது. பத்து நிமிடத்துக்கு ஒருமுறை மாட்டிப் பார்க்கிறேன் என்று அதைப் பிடுங்கி வைத்துவிட்டார். அக்கா, ஒரு சந்தேகம்: ஃப்ளூ தடுப்பூசி நான் போடவே இல்லை. இனிமேல் போட்டுப் பயன் உண்டா?

வார்டுக்காரி:
உண்டு. ஒரே சீசனில் வேறு வகை ஃப்ளூவும் சுற்றும். தேறிய பிறகு டாக்டரிடம் கேட்டுப் போடுங்கள். மூக்கில் அடிக்கும் வகை வேண்டாம், அது உயிருள்ள வைரஸ். ஊசிதான். ஆறு மாதம் ஆகாத குழந்தைக்கு ஃப்ளூ ஊசி கிடையாது, உங்கள் உடம்பிலிருந்து போகும் எதிர்ப்புச் சக்திதான் அதற்கு. பாராசிட்டமால் வேலை முடிந்ததும் ராத்திரி காய்ச்சல் திரும்ப ஏறலாம், பதறாதீர்கள். ஓசெல்டாமிவிரை ஐந்து நாளும் முடியுங்கள், தேறிவிட்டது என்று மூன்றாம் நாள் நிறுத்த வேண்டாம். தண்ணீர் நிறையக் குடியுங்கள். உடம்பில் தண்ணீர் வற்றினால் வயிறு இறுகி இறுகி விடும்.

விடிகாலைத்தூக்கம்:
சரி அக்கா. இப்போதுதான் ஒரு உதை விட்டான். மடியில் வைத்திருந்த தம்ளர் ஆடியது.