பக்கத்து வீட்டில் முப்பது பூனைகள்: சட்டம் எதுவரை வந்தது?

தறிக்காரர் மகள் (சென்னிமலைப் பக்கம்):
எங்கள் தெருவில் கைத்தறி நின்றுபோன ஓட்டு வீடு ஒன்றில் வயதான அம்மா ஒருவர் தனியாக இருக்கிறார். தெருப் பூனைகளுக்குச் சோறு வைக்க ஆரம்பித்தவர், முப்பதுக்கு மேல் சேர்த்துவிட்டார். சித்திரை வெயிலில் மூத்திர நெடி எங்கள் அடுப்படிவரை வரும். எட்டிப் பார்த்தால் தறிக்குழிக்குள் பழைய நூல் கழிவின்மேல் குட்டிகள் கண்ணில் பீளை கட்டிக் கிடக்கும். "அம்மிணி, வாயில்லாச் சீவனை எங்கே கொண்டுபோய் விடுவேன்?" என்பார். அவரிடம் கோபப்படவும் முடியவில்லை.

காவல் நிலையத்துக்குப் போனோம். 1960ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டத்தில் 11ஆவது பிரிவு இருக்கிறது. போதிய தீனி, தண்ணீர், இருப்பிடம் தராமல் வைத்திருப்பது குற்றம். ஆனால் முதல் தடவைக்கு அபராதம் 10 ரூபாயிலிருந்து 50 ரூபாய்வரைதான். "ஐம்பது ரூபாய்க்கு வழக்கா?" என்று எழுத்தர் சிரித்தார். அவர் சிரித்ததில் தப்பில்லை, சட்டம் அந்த லட்சணத்தில் இருக்கிறது. ஒரு வீட்டில் இத்தனைதான் வளர்க்கலாம் என்ற வரம்பும் அதில் கிடையாது. விலங்கை உரிமையாளரிடமிருந்து நீதிமன்றம் எடுத்துக்கொள்ள 29ஆவது பிரிவு இடம் தருகிறது. அதற்கும் முதலில் தண்டனை ஆக வேண்டும்.

வழி திறந்தது கோட்டாட்சியர் அலுவலகத்தில். பொதுத் தொல்லையை அகற்ற நிபந்தனை ஆணை (குறித்த நாளுக்குள் அகற்று, இல்லையென்றால் நேரில் வந்து காரணம் சொல் என்னும் உத்தரவு) போடும் அதிகாரம் முன்பு குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 133ஆவது பிரிவில் இருந்தது. 2024 ஜூலை முதல் அந்தச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 152ஆவது பிரிவில் இருக்கிறது. மனுவில் பூனைகளைக் குறை சொல்லாமல், நாற்றம், உண்ணி, சாக்கடையை அடைத்த கழிவு என்று எழுதினோம். சுகாதார ஆய்வாளர் வந்து பார்த்து அறிக்கை கொடுத்தார். ஆணையில் இருந்ததெல்லாம் கழிவை அகற்று, வீட்டைக் கழுவு என்பதுதான். அந்த அம்மா பயந்த மாதிரி யாரும் பூனையைப் பிடித்துப் போகவில்லை. அதனால்தான் பிறகு கால்நடை மருத்துவரை உள்ளே விட்டார். பெட்டைகளுக்குக் கருத்தடை நடந்துகொண்டிருக்கிறது.

பனியன் ஊர்க்காரன் (திருப்பூர்):
உங்களுக்கு வாய்த்தவர் நல்லவர். எங்கள் காம்பவுண்டில் ஒருவர் மொட்டை மாடியில் தகரக் கொட்டகை போட்டு நாய்களைக் குட்டைச் சங்கிலியில் கட்டியிருந்தார். மழை பெய்தால் மலம் கரைந்து கீழ்வீட்டுத் தண்ணீர்த் தொட்டியில் இறங்கும். கேட்டால் "பாசத்தில் வளர்க்கிறேன்" என்பார். மாதாமாதம் குட்டி விலைக்குப் போகும். விற்பனைக்காக நாய் வளர்ப்பவர் மாநில விலங்குகள் நல வாரியத்தில் பதிவு செய்ய வேண்டும் என்று 2017ஆம் ஆண்டின் விதி சொல்கிறது. பதிவுச் சான்றைக் காட்டச் சொல்லி எழுத்தில் புகார் போனதும் கொட்டகையைப் பிரித்துவிட்டார். குட்டைச் சங்கிலியும் அதே 11ஆவது பிரிவில் குற்றம்தான், ஆனால் அதைச் சொன்னபோது அவர் அசையவே இல்லை.

ஆனைமலை அடிவாரம் (பொள்ளாச்சி):
புகார் கொடுக்கும்முன் விலங்குகள் எங்கே போகும் என்று பேசி வையுங்கள். எங்கள் ஊரில் நோட்டீஸ் வந்த பயத்தில் ஒரு வீட்டார் ராத்திரியோடு ராத்திரியாக நாய்களை வேனில் ஏற்றி ஆழியாறு தாண்டி விட்டுவிட்டு வந்தார்கள். அது சிறுத்தை நடமாடும் காடு. பசியிலும் தாகத்திலும் வாடும்படி விலங்கைக் கைவிடுவதும் 11ஆவது பிரிவின்படி குற்றம். புகார் கொடுத்த நாங்கள்தான் அடுத்த நாள் தேடப் போனோம். இரண்டு நாய்கள் கிடைத்தன.